இமைக்க மறந்த கண்கள்

மாலை ஐந்து மணி. ராஜகீழ்ப்பாக்கத்தில், வீட்டின் மேல்தளத்து அறையொன்றில், காலை முதல் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறோம். அச்சுக்குப் போகும் நூல்களில் பிழை திருத்துவது நம் தொழில். முன்னாளில் தாளில் நடந்த அந்தப் பணி பல ஆண்டுகளாகத் திரையில்தான் நடைபெறுகிறது. இந்த வேளையில் கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல். எழுத்துகள் மங்குகின்றன. றன்னகரமும் டண்ணகரமும் ஒன்றுபோலத் தெரிகின்றன. பிழை திருத்துவோருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமோ?

சரி, சற்றே ஓய்வு கொள்வோம் என்று கணிப்பொறியை அணைக்கிறோம். அணைத்த மறுகணமே கை எதைத் தேடுகிறது? மேசைமேல் கிடக்கும் கைப்பேசியை. பெரிய திரையில் களைத்த கண்ணைச் சிறிய திரையில் இளைப்பாற்ற முயல்கிறோம். உழுது களைத்த மாட்டை ஏரிலிருந்து அவிழ்த்துச் செக்கில் பூட்டுவதற்கு ஒப்பானது இச்செயல். அரைமணி நேரம் கழிகிறது. கண்ணின் உறுத்தல் குறையவில்லை. மனமோ முன்னைவிடக் கலங்கியிருக்கிறது. இதற்கு ஓய்வு என்று பெயரிடுவது தகுமா?

வாசகருள் பலருக்கும் இந்த அனுபவம் புதிதன்று. அலுவலகம், பள்ளி, வங்கி, கடை, ஏன், சில வேளைகளில் வழிபாடும்கூடத் திரைவழியே நடைபெறும் காலம் இது. எனவே, ஓய்வு என்றால் என்ன, அது எதற்காக, அது யாருக்கு உரியது என்னும் கேள்விகளை வாசகரோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இருபது அடித் தொலைவு

கண்ணின் உறுத்தல் மிகவே, தாம்பரத்தில் ஒரு கண் மருத்துவரை அணுகினோம். சோதித்துப் பார்த்துவிட்டு, "நோய் ஒன்றுமில்லை, களைப்புதான்" என்றார். திரையின் ஒளி கண்ணை நிலையாகக் கெடுத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை என்றும் தேற்றினார். பிறகு கண்ணின் இயல்பை விளக்கினார். விழிக்குள் இருக்கும் வில்லையைச் சுற்றிச் சிறு தசையொன்று உண்டு. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது அது சுருங்குகிறது. தொலைவிலுள்ளதைப் பார்க்கும்போது தளர்கிறது. ஆகவே, அருகில் பார்ப்பது கண்ணுக்கு உழைப்பு. தொலைவில் பார்ப்பது அதற்கு ஓய்வு. நாள் முழுவதும் ஒன்றரை அடித் தொலைவில் உள்ள திரையையே நோக்கியிருப்பவன், நாள் முழுவதும் கையை மடக்கிச் சுமை தாங்கி நிற்பவனைப் போன்றவன்.

இமைப்பைப் பற்றியும் அவர் கூறினார். நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கும் கண், திரையை உற்று நோக்கும்போது அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் இமைக்கிறதாம். இமைக்குந்தோறும் விழியின்மேல் கண்ணீர்ப் படலம் புதிதாகப் பரவுகிறது. இமைப்பு குறையக் குறைய விழி காய்கிறது. இதைக் கேட்டபோது நமக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. தமிழர் காலத்தையே இமையால் அளந்தவர்கள். எழுத்தின் மாத்திரைக்குத் தொல்காப்பியம் கொண்ட அளவு, கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமுமே. இமையால் அளக்கப்பட்ட மொழியைத் திருத்தும் பணியிலேயே நாம் இமைக்க மறந்துபோனோம்! இது நகைப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தந்தது.

மருத்துவர் கூறிய மருந்து எளியது. 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை, 20 நொடி நோக்க வேண்டும். செலவில்லாத மருந்து என மகிழ்ந்து வீடு திரும்பினோம். அறையின் சன்னலைத் திறந்தோம். எதிரே அடுத்த வீட்டுச் சுவர். அளந்து பார்த்தால் எட்டு அடி தேறாது. மறுபக்கச் சன்னலிலும் அதுவே நிலை. வாசலில் நின்றால் தெருவின் அகலமும் எதிர்வீட்டு வாகனமும். இருபது அடித் தொலைவு நம் வீட்டில் எங்குமே இல்லை!

ஏரிநீரை நம்பி வேளாண்மை செய்த சிற்றூர்கள் இருந்த பகுதி இது. ராஜகீழ்ப்பாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி, சேலையூர் ஏரி என்னும் பெயர்கள் இன்றும் அதற்குச் சான்று. தாம்பரத்தையும் வேளச்சேரியையும் இணைக்கும் சாலையை ஒட்டி வீடுகள் பெருகின, மனைகள் சுருங்கின, 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. வந்தவர்களை நாம் குறை கூறவில்லை. நாமும் வந்தவர்களுள் ஒருவரே. ஆனால் இந்த வளர்ச்சியில் எவரும் கணக்கில் எழுதாத இழப்பு ஒன்று உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் என்று நம் முன்னோர் சொன்னபோது அது நெடுந்தொலைவைக் குறித்தது. நம் வீட்டில் அத்தொடர் இப்போது எட்டு அடியைக் குறிக்கிறது.

எனவே மொட்டைமாடிக்கு ஏறினோம். நீர்த்தொட்டிகளுக்கும் உலரும் துணிகளுக்கும் இடையே வானம் தென்பட்டது. ஏரியின் ஒரு கீற்றும், அதன்மேல் தாழப் பறந்த கொக்குகளும் தென்பட்டன. கண்ணின் இறுக்கம் மெல்லத் தளர்வதை உணர முடிந்தது. அன்றுமுதல் மாலைதோறும் மாடிக்கு ஏறுவது வழக்கமாயிற்று. ஆனால் அங்கே நின்றபோது எழுந்த ஒரு கேள்வி, கண்ணைவிட ஆழமான இடத்தை உறுத்தத் தொடங்கிற்று. நாம் எதற்காக இங்கே நிற்கிறோம்? கீழே போய் இன்னும் இரண்டு மணி நேரம் பிழை திருத்துவதற்காகத்தானே? அப்படியாயின் இது ஓய்வா, வேலையின் ஒரு பகுதியா?

சானடோரியம் சொல்லும் பாடம்

மாடியிலிருந்து வடமேற்கே, சில கிலோமீட்டர் தொலைவில், தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. மின்தொடர் வண்டியில் வந்து அந்நிலையத்தில் நாள்தோறும் இறங்குவோர் பலர், 1984இல் தொடங்கப்பட்ட ஏற்றுமதி வளாகமாகிய மெப்ஸுக்குப் பணிக்குச் செல்பவர்கள். அங்கும் திரையின் முன் அமர்ந்து உழைப்போர் அநேகர். தாம் இறங்கும் நிலையத்தின் பெயர், நோயாளர் ஓய்ந்திருந்து நலம் பெறும் இடத்தைக் குறிப்பது என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதுண்டோ, அறியோம்.

1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து என்னும் மருத்துவர் காசநோயாளருக்காக அந்த இல்லத்தை நிறுவினார். அவர் இங்கிலாந்தில் பல்லாண்டுகள் மருத்துவம் புரிந்தவர். அங்கே மெண்டிப் குன்றுப் பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான், 1917இல் கணித மேதை ராமானுஜன் சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றார். தாம்பரத்தில் அவர் தொடங்கிய இல்லத்தை 1937இல் அரசு ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. அந்நாளில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. திறந்தவெளிக் காற்று, சத்துள்ள உணவு, நெடுங்கால ஓய்வு ஆகியவற்றையே மருத்துவர்கள் மருந்தாக நம்பினர். வேலையை விட்டு, குடும்பத்தைப் பிரிந்து, மாதக்கணக்கில் படுத்திருப்பதே சிகிச்சையாக இருந்தது.

பின்பு மருந்துகள் வந்தன. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. 1952இல் ஐசோனியாசிட் பயன்பாட்டுக்கு வந்தது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், உலகமே உற்று நோக்கிய ஒரு சோதனையை மேற்கொண்டது. நோயாளருள் ஒரு சாராரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு சாராரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தும், இருவர்க்கும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டிலிருந்தோர் ஏழைகள். அவர்களுக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. வீடோ நெரிசல் மிக்கது. எனினும் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் நலம் பெற்றனர் என 1959இல் முடிவுகள் வெளியாயின. படுக்கையும் ஓய்வும் இன்றியமையாதவை என்னும் நெடுநாள் நம்பிக்கை தகர்ந்தது. வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறும் முறை உலகெங்கும் பரவ இது வழிகோலியது. குடும்பத்தைப் பிரிந்து வாட வேண்டியிருந்த ஏழைக்கு இது நற்செய்தியே.

ஆயினும் இவ்வரலாற்றில் நமக்கொரு பாடம் இருக்கிறது. ஓய்வு மருந்தாக மட்டுமே கருதப்பட்டவரையில், அதனினும் சிறந்த மருந்து வந்ததும் அது விலக வேண்டியதாயிற்று. காசநோயைப் பொறுத்தமட்டில் அது சரியே. ஆனால் மனித வாழ்வில் ஓய்வின் இடத்தையும் நாம் இதே கணக்கில் எழுதினால் என்னவாகும்? நாளை, கண்ணைக் களைப்பிக்காத திரை வரலாம். விழியை உலரவிடாத சொட்டுமருந்து வரலாம். சில மணி நேரத் தூக்கமே போதும் என்று ஆக்கும் மாத்திரையும் வரலாம். அன்று நம்மிடம் வேலை வாங்குவோர், "இனி உமக்கு ஓய்வு எதற்கு?" என்று கேட்டால் என்ன விடை சொல்வோம்? களைப்பு ஒன்றே ஓய்வுக்குக் காரணமென்றால், களைப்பை ஒழித்தவர்கள் ஓய்வையும் ஒழித்துவிடலாமே!

களைப்பறியாதவரின் ஓய்வு

கத்தோலிக்க மெய்யியலாரான ஜெர்மானியர் யோசேப் பீப்பர், ஓய்வைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை 1948இல் வெளியிட்டார். போரில் இடிந்த நாட்டை மீண்டும் கட்டியெழுப்ப அனைவரும் உழைப்பையே போற்றிய நேரம் அது. வேலைக்கிடையே விடும் இடைவேளை, ஒரு மணி நேரமாயினும் சில வாரங்களாயினும், வேலைக்காகவே விடப்படுவது என்பதால் அதுவும் வேலை என்னும் சங்கிலியின் ஒரு கண்ணியே என்று அவர் உணர்த்தினார். உண்மையான ஓய்வு உள்ளத்தின் ஒரு நிலை. உள்ளதை உள்ளபடி ஏற்று, அதில் மகிழ்ந்து நிற்கும் அமைதி. அது வேலைக்குப் பயன்படலாம்; ஆனால் அப்பயனுக்காக அதை நாடுவோருக்கு அது கைகூடுவதில்லை என்பது அவர் கருத்து. தூங்கியே ஆக வேண்டும் என்று புரள்பவனுக்குத் தூக்கம் வராதது போல எனலாம்.

மறைநூலை விரித்தால் இதன் வேர் தெரிகிறது. தொடக்கநூலின்படி இறைவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். களைத்ததனாலா? களைப்பறியாதவர் அவர். செய்தவை யாவும் நன்றாயிருக்கக் கண்டு, அவற்றை இருக்கவிட்டு அமைந்த நிலை அது. ஆறாம் நாளில் படைக்கப்பட்ட மனிதனுக்கோ, அந்த ஓய்வு நாளே வாழ்வின் முதல் முழு நாள். அவன் இன்னும் எதையும் செய்து முடித்திருக்கவில்லை; எதையும் ஈட்டியிருக்கவில்லை. எனவே ஓய்வு கூலியன்று, அது கொடை. உழைத்தவனுக்கு மட்டுமே ஓய்வு என்னும் நம் கணக்கை மறைநூலின் முதல் பக்கங்களே திருத்திவிடுகின்றன.

இணைச்சட்ட நூல் மற்றொரு காரணத்தையும் தருகிறது. எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைவில் கொண்டு ஓய்வு நாளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது அது. அடிமைக்கும் தூக்கம் உண்டு. ஆனால் அது அவனுக்காக அன்று, ஆண்டையின் மறுநாள் வேலைக்காக. அடுத்த நாள் உழைப்புக்காக மட்டுமே ஓய்பவன், கையில் விலங்கில்லாவிடினும், ஓரளவில் அடிமையே. ஆகவே ஓய்வு விடுதலையின் அடையாளம். "நான் செய்யும் வேலை மட்டுமே நானல்லன்" என்று மனிதன் கூறிக்கொள்ளும் நேரம் அது.

நள்ளிரவுச் செய்தி

இவ்வளவும் எண்ணி, ஓய்வின் உண்மையைக் கண்டுகொண்டோம் என்று நாம் மகிழ்ந்திருந்தபோது நிகழ்ந்ததை மறைக்காமல் எழுத வேண்டும்.

ஒரு நாள் மாலை மாடியில் நெடுநேரம் நின்றோம். வானத்தின் நிறம் மாறுவதைக் கண்டு மனம் நிறைந்திருந்தது. இரவு உணவுக்குப்பின் புத்துணர்வோடு வேலையில் அமர்ந்து, திருத்தங்களை முடித்து, நூலைப் பக்கமாக்கித் தரும் இளைஞருக்குக் கைப்பேசியில் அனுப்பினோம். அப்போது மணி பதினொன்று. அவசரம் எதுவும் இல்லை. முடிந்தவுடன் அனுப்பிவிட்டோம், அவ்வளவே. ஒன்றேகால் மணிக்குத் திருத்திய பக்கங்கள் வந்து சேர்ந்தன. காலையில் அவரே பேசினார். "மன்னிச்சுக்குங்க சார், கொஞ்சம் லேட் ஆயிடுச்சு. கண்ணு எரிச்சலா இருந்துச்சு, கழுவிட்டு வந்து உக்காந்தேன்" என்றார். தாமதத்துக்காக நம்மிடம் மன்னிப்புக் கேட்டார்! நம் கண்ணின் இருபது அடியைத் தேடி மாடி ஏறிய நாம், அவருக்கும் இரு கண்கள் உண்டு என்பதை எண்ணவே இல்லை. "தம்பி, மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள் அல்ல" என்று சொல்வதற்குள் நமக்குக் குரல் தழுதழுத்தது.

ஓய்வு நாள் கட்டளையை அன்று மீண்டும் வாசித்தோம். உனக்கு ஓய்வு என்பதோடு அது முடியவில்லை. மகன், மகள், பணியாள், பணிப்பெண், மாடு, கழுதை, உன் ஊரில் தங்கும் அந்நியன் என்று பட்டியல் நீள்கிறது. கட்டளை யாரை நோக்கிப் பேசுகிறது? பிறரை வேலை வாங்கும் நிலையில் இருப்பவனை நோக்கி. அவன் ஓய்ந்தால் மட்டும் போதாது. அவன் ஓய்வு பிறர் முதுகில் ஏறி நிற்கலாகாது. நாம் மாடியில் வானத்தைப் பார்க்கும் அதே நேரத்தில், கீழே வேளச்சேரி சாலையில் உணவு கொண்டு செல்லும் இளைஞர் வண்டியை ஓரமாக நிறுத்தி, அடுத்த அழைப்புக்காகக் கைப்பேசித் திரையை விட்டுக் கண் எடுக்காமல் காத்திருக்கிறார். சமைக்க அலுப்பாயிருக்கிறது என்று அந்த அழைப்பைக் கொடுப்பவர் நாமாகவும் இருக்கலாம்.

உழைப்போரின் ஓய்வு இம்மண்ணில் எளிதில் கிடைத்ததன்று. 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். கடைகளில் நாள் முழுவதும் நின்றே பணிபுரிவோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு சட்டம் இயற்றியது 2021இல்தான். 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் மசோதா பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, அவ்வாண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 1891இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், தொழிலாளர் பற்றிய தம் சுற்றுமடலில், உழைப்பால் தேயும் ஆற்றலுக்கு ஈடாக ஓய்வு தரப்பட வேண்டும் என வலியுறுத்தியதைக் கத்தோலிக்கர் நாம் மறத்தலாகாது. காலுக்கு இருக்கை தரச் சட்டம் வந்தது. கண்ணுக்கும் மனத்துக்கும்? பணிநேரம் கடந்தபின் அலுவலகச் செய்திகளுக்கு மறுமொழி தராதிருக்கும் உரிமையை 2017 முதல் பிரான்சும், 2024இல் ஆஸ்திரேலியாவும் சட்டத்தில் ஏற்றுள்ளன. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா, நம் கைப்பேசியிலிருந்தே தொடங்கலாமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இங்கே ஒரு தடை எழலாம். கைக்குழந்தையின் தாய்க்கும், இரவுப் பணியில் உள்ள செவிலியருக்கும், நோயுற்ற பெற்றோரைப் பேணும் மகனுக்கும் ஓய்வுநேரம் வகுக்க இயலுமா? இயலாதுதான். தம் சீடர்களைத் தனிமையான இடத்திற்கு வந்து சற்று ஓய்வெடுக்குமாறு அழைத்தார் இயேசு. ஆனால் அவர்கள் படகில் போய் இறங்கும் முன்னரே மக்கள் திரள் அங்கே கூடிவிட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை; பரிவு கொண்டு கற்பித்தார், உணவளித்தார். பிறகு சீடரைப் படகேற்றி அனுப்பி, மக்களையும் அனுப்பிவிட்டு, தனியே மலைக்குச் சென்று இறைவேண்டலில் ஆழ்ந்தார் என மாற்கு கூறுகிறார். அன்பு கேட்கும்போது ஓய்வை விட்டுக்கொடுக்கலாம். அவசரமும் பேராசையும் பழக்கமும் கேட்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பதினொரு மணிக்கு நாம் அனுப்பிய திருத்தத்தில் அன்பின் தேவை எள்ளளவும் இல்லை.

அந்நாளுக்குப்பின் நம் வீட்டில் சில சிறு மாற்றங்கள். மாடிக்குப் போகும்போது கைப்பேசி அறையிலேயே இருந்துவிடும். இரவு எட்டு மணிக்குமேல் முடியும் திருத்தங்கள் மறுநாள் காலை பத்து மணிக்கே புறப்படும். ஞாயிறன்று வெளியிலிருந்து உணவு வரவழைப்பதில்லை. முந்தின நாள் குழம்பும் சுட்ட அப்பளமும் போதும் என்று வீட்டாரும் இசைந்துவிட்டனர். இவை பெரிய அறங்கள் அல்ல. சாலையில் காத்திருக்கும் இளைஞருக்கு இதனால் கூலி உயர்ந்துவிடாது என்பதும் அறிவோம். அதற்கு வேறு முயற்சிகள் வேண்டும். ஆயினும் அவரும் ஓய்வுக்கு உரியவர் என்பதை வாரத்தில் ஒரு நாளாவது நம் நாவு நினைவில் கொள்கிறது.

அன்பார்ந்த வாசகரே, இவ்வரிகளைத் தாளில் வாசிக்கிறீர்களோ திரையில் வாசிக்கிறீர்களோ, அறியோம். வாசித்து முடித்ததும் சற்றே கண்ணை உயர்த்தி, எட்டுமட்டும் தொலைவில் நோக்குங்கள். ஒருமுறை நன்றாக இமையுங்கள். அந்தத் தொலைவில் யாரேனும் ஒருவர் உங்களுக்காக இன்னும் கண் விழித்து உழைத்துக்கொண்டிருக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள். அவரையும் கண்ணயர விடுவோமாயின், நம் ஓய்வு முழுமை பெறும்.